ராத்திரிச் சாப்பாடே இனிப்பு: வளவுக்காரர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஒரு ஆவணி மூலத்தன்று மதுரைப் புட்டுத்தோப்புக்குப் போய், ஆரப்பாளையம் கூட்டத்தில் நசுங்கி வீடு திரும்பியபோது மணி எட்டாகிவிட்டது. சோறு வடிக்க யாருக்கும் தெம்பில்லை. காலையில் சாமிக்குப் புட்டு அவிக்க வறுத்த மாவு அரைச் சம்படம் மிச்சம் இருந்தது. அதைப் பிசறி அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, பாசிப்பயறும் பழமும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து ஆளுக்கொரு தட்டு வைத்தேன். "ஏம்மா, இன்னிக்குச் சாப்பாடே இனிப்பா?" என்று சின்னவன் கண்ணை விரித்தான். அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ராத்திரிக்கு ஒரே ஓர் இனிப்புதான்; வேறு சமையல் கிடையாது.

எங்கள் வளவில் ஆறு குடித்தனம். வெல்லம் கொதிக்கிற வாசம் சுவர் தாண்டாமல் இருக்குமா? கேள்விகள் வந்தன. உசிலம்பட்டிப் பக்கமிருந்து நாத்தனார்களும் போனில் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன புதுப் பழக்கம்? நம்ம பக்கம் யாராவது இனிப்பைச் சாப்பாடாகச் சாப்பிடுவார்களா?

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம், பெயர்தான் வேறு. "இன்னிக்கு ராத்திரி பலகாரம்" என்று பெரியவர்கள் சொன்னால், அன்றைக்குச் சோறு இல்லை என்று அர்த்தம். அமாவாசை, கார்த்திகை, சஷ்டி என்று ஒருபொழுது இருப்பவர்கள் ராத்திரிக்கு இட்லியோ ஆப்பமோ அவலோ சாப்பிட்டுப் படுப்பார்கள். பலகாரம் என்ற சொல் தீபாவளி முறுக்கு, அதிரசம் என்று சுருங்கியது பிற்பாடுதான் என்பது என் நினைப்பு.

தென் மாவட்டங்களில் பெண்கள் மட்டும் கூடி இருக்கும் ஔவையார் நோன்பு இருக்கிறதே, அதில் ராத்திரிச் சாப்பாடே உப்பில்லாத கொழுக்கட்டைதான். "தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி" என்று அதற்கு நாள் குறிப்பார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தபோது அதற்கு மேல் யாராவது சோறும் குழம்பும் வைத்தார்களா? களியே அந்த வேளைச் சாப்பாடு.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் பெரிய சாட்சி உண்டு. வைகை உடைப்பெடுத்தபோது வந்திக் கிழவியின் பங்குக் கரையை அடைக்கக் கூலியாளாக வந்த சொக்கர், காசு கேட்கவில்லை. உதிர்ந்த பிட்டைக் கேட்டார். தின்றார். தின்றுவிட்டு வேலை பார்க்காமல் படுத்துத் தூங்கினார், பிரம்படி பட்டார். பிட்டு பசியை அடக்கும், தூக்கமும் வரவழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று நான் எங்கே போய்த் தேடுவது?

ஆனால் இனிப்பு என்றால் இரண்டு வாயில் திகட்டிவிடுமே, எப்படி வயிறு நிறையச் சாப்பிடுவது?

மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

கோயில் பிரசாதமாகவோ பந்தியில் ஓரமாகவோ வைக்கிற இனிப்பு, ஒரு கரண்டி சாப்பிடுவதற்காகச் செய்தது. அந்த ஒரு கரண்டியிலேயே நாக்கு நிறைய வேண்டும் என்பதால், அரிசி ஒரு பங்கென்றால் வெல்லம் இரண்டு பங்கு போடுவார்கள். அதையே தட்டு நிறைய வைத்தால் திகட்டாமல் என்ன செய்யும்? இரண்டாவது வாய்க்கே தண்ணீர்ச் செம்பைத் தேடுவீர்கள். பத்து மணிக்கு அடுக்களையில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிற சத்தம் கேட்கும்.

சாப்பாடாகச் செய்யும்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். இனிப்பைப் பாதிக்கும் கீழே இறக்கி, பருப்பை ஏற்ற வேண்டும். 200 கிராம் அரிசிக்கு 50 கிராம் பாசிப்பருப்பு, 400 கிராம் வெல்லம் என்பது திருவிழாக் கணக்கு. நாலு பேர் அதை வயிறு நிறையச் சாப்பிட்டால் ஆளுக்கு 100 கிராம் வெல்லம் உள்ளே போகும். என் கணக்கில் அரிசி 150, பருப்பு 150, வெல்லம் 150. ஆளுக்கு 37 கிராம் சுமார். வாயில் வைத்தால் இனிப்பு தெரியும், ஆனால் அரிசியும் பருப்பும் நெய்யும் அதற்கு முன்னால் தெரியும். இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவும் மனம் வரும்.

பருப்பைக் கூட்டுவது திகட்டலுக்காக மட்டுமில்லை. 100 கிராம் அரிசியில் புரதம் 7 கிராம் அளவுக்குத்தான். பாசிப்பருப்பிலும் உளுந்திலும் 24 கிராம் பக்கம். மாவும் வெல்லமும் மட்டும் சாப்பிட்டுப் படுத்தவன் நடுராத்திரியில் எழுந்து பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறான். பருப்பு இருந்தால் விடிகிற வரை பசி தாங்கும். என் கணக்குப் பொங்கலில் ஒரு தட்டுக்குப் புரதம் 12 கிராம் வருகிறது. கறிச்சோற்றுக்கு ஈடில்லைதான். ஆனால் நாம் வழக்கமாக ராத்திரி சாப்பிடுகிற மூன்று இட்லி தேங்காய்ச் சட்னிக்கு இது குறைந்ததில்லை.

அப்போ அந்த ராத்திரிப் பொங்கலின் அளவையும் பக்குவத்தையும் சொல்லுங்கள்.

நாலு பேருக்கு: பச்சரிசி 150 கிராம், பாசிப்பருப்பு 150 கிராம், வெல்லம் 150 கிராம், நெய் இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய் அரை மூடி, கொஞ்சம் முந்திரி, ஏலக்காய் மூன்று, சுக்குப்பொடி அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன்.

பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுங்கள்; சிவக்க வேண்டாம். அரிசியோடு சேர்த்துக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரும் உப்பும் போட்டுக் குக்கரில் ஐந்து விசில். திறந்ததும் கரண்டியின் முதுகால் நன்றாக மசித்துவிடுங்கள். வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் இதில் ஊற்றிச் சின்னத் தீயில் பத்து நிமிடம் கிளறுங்கள். பாகு பதமெல்லாம் பார்க்க வேண்டாம். தேங்காயைத் துருவி அப்படியே கலந்துவிடுங்கள், கடைசியில் நெய்யில் முந்திரி, ஏலக்காய், சுக்கு.

இறக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். தட்டுக்குப் போவதற்குள் இறுகிவிடும்.

உப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். குறைந்த வெல்லத்தையும் தூக்கிக் காட்டுவது அந்தக் கால் டீஸ்பூன்தான். சுக்கைத் தள்ளிவிடாதீர்கள், ராத்திரி நெய்ச் சாப்பாட்டுக்கு அது காவல். பச்சைக் கர்ப்பூரம் மட்டும் வேண்டாம். கோயில் வாசம் வந்துவிட்டால், பிரசாதம் மாதிரி ஒரு கரண்டியோடு கை நின்றுவிடுகிறது.

வெல்லம் போட்ட பிறகு அரிசி விறைத்துக்கொள்கிறது. ஏன்?

வேகாத அரிசியில் வெல்லம் சேர்த்திருப்பீர்கள். இனிப்பு, தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அரிசி குழையாது. முதலில் குழைய வேகட்டும்.

பால் சேர்த்தால் திரிந்துபோகிறது.

வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் அது விழுந்தால் பால் திரியத்தான் செய்யும். வெல்லப்பாகைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு பாலில் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. எனக்கு அந்தப் பயமே வேண்டாமென்று ராத்திரிப் பொங்கலில் நான் பாலே விடுவதில்லை.

எந்த வெல்லம் வாங்குவது?

கண்ணைப் பறிக்கிற மஞ்சள் வெல்லம் வேண்டாம். நிறத்துக்காகக் காய்ச்சும்போதே ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கும். கொஞ்சம் கறுத்த உருண்டை வெல்லம் பார்வைக்குச் சுமார்தான், ருசிக்கு அதுதான். நான் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் இரண்டு மூன்று கிலோவாக வாங்கி வைக்கிறேன். வாங்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கரித்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

எந்த வெல்லமானாலும் கரைத்து வடிகட்டாமல் போடக்கூடாது. சொக்கர் பிட்டுக்காக மண் சுமந்தார். நாம் பிட்டோடு மண் தின்ன வேண்டியதில்லை.

உளுந்தங்களியைத் தனிச் சாப்பாடாக வைக்கலாமா? எனக்குக் கட்டி கட்டியாகப் போகிறது.

வைக்கலாமாவா! என் மனசில் முதலிடம் அதற்குத்தான். பொங்கல் இரண்டாமிடம். எங்கள் அப்பத்தா நடவுக்குப் போய்வந்த நாளில் ராத்திரி களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி வைக்கும். "இடுப்புக்கு எலும்பு மாதிரித்தா, இத தின்னுட்டுப் படு" என்று சொல்லும். எலும்புக் கணக்கு எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஒன்பது மணி வரை பசித்ததில்லை என்பது தெரியும்.

தோலோடு கூடிய கறுப்பு உளுந்து 200 கிராம், பச்சரிசி 50 கிராம். இரண்டையும் தனித்தனியாக வறுத்து, சேர்த்து நைஸாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மாவு மில்லில் கொடுத்து ஒரு மாதத்துக்கு அரைத்து வைத்தால் வெள்ளிக்கிழமை வேலை இருபது நிமிடம்தான். கருப்பட்டி 150 கிராம், நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி.

கட்டி விழுவது ஏன் என்று கேட்டீர்கள். கொதிக்கிற பாகில் மாவைக் கொட்டுகிறீர்கள். விழுந்த இடத்திலேயே மேல்மாவு வெந்து உறை போட்டுக்கொள்ள, உள்மாவு பச்சையாக நிற்கிறது. நான் செய்வது இப்படி: மாவு ஒரு டம்ளர் என்றால் தண்ணீர் மொத்தம் மூன்று டம்ளருக்குச் சற்றுக் குறைய. அதில் ஒரு டம்ளரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சூடாக்கிக்கொள்கிறேன். மீதித் தண்ணீரில், பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே, மாவைத் தோசைமாவு போலக் கரைத்து அடுப்பில் ஏற்றுகிறேன். கை விடாமல் கிளற, இறுகத் தொடங்கும்போது பாகை ஊற்றுகிறேன். அப்புறம் எண்ணெயை ஒவ்வொரு கரண்டியாக. எண்ணெய் முழுவதையும் உள்ளே இழுத்து, பிறகு ஓரத்தில் கக்கத் தொடங்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். அப்பத்தா கொதிதண்ணீரில்தான் மாவைக் கொட்டி, துடுப்பால் மட்டும் கட்டி விழாமல் கிண்டும். அந்தக் கை நமக்கு வாய்க்கவில்லை, வேறு வழியில் போகிறோம்.

கருப்பட்டி உடன்குடி என்றும் சாயல்குடி என்றும் சொல்லி விற்பார்கள். பெயரைவிட உடைத்துப் பார்ப்பது முக்கியம். உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தால் சீனிப்பாகு கலந்திருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன்.

புட்டு?

மதுரையில் குழாய்ப் புட்டைவிட உதிரிப் புட்டுதான் நம் வழக்கம். கேப்பை மாவோ சிவப்பரிசி மாவோ, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். துணியில் கட்டி இட்லிச் சட்டியில் பதினைந்து நிமிடம். வெந்ததும் தேங்காய், நெய், நாட்டுச் சர்க்கரை.

புட்டில் பருப்பு கிடையாது என்பதுதான் குறை. அதனால் அவித்த பாசிப்பயறு ஒரு கிண்ணம் கட்டாயம். பழத்துக்குச் சிறுமலை மலைவாழை கிடைத்தால் விடாதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய பழம். சின்னது, விலையும் கூடுதல், ஆனால் அது இருந்தால் சர்க்கரையை இன்னும் ஒரு கை குறைத்துவிடலாம்.

இடியாப்பம், ஆப்பம், பால் பணியாரம் எல்லாம் இதில் சேருமா?

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் மதுரையில் பாதி வீட்டு ராத்திரிச் சாப்பாடுதான். சாயங்காலம் தெருவில் விற்றுக்கொண்டே போகிறார்கள். யாரும் அதை இனிப்பு என்று எண்ணுவதுகூட இல்லை. ஒரே எச்சரிக்கை: முதல் பாலைக் கொதிக்கவிடாதீர்கள், திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். இரண்டாம் பாலில் சர்க்கரையைக் கரைத்துச் சூடுபடுத்தி, இறக்கிய பிறகு முதல் பாலைச் சேருங்கள். ஆப்பத்துக்கும் இதே.

பால் பணியாரம் செட்டிநாட்டுச் சொத்து. பச்சரிசியும் உளுந்தும் சரிபாதி ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் வெண்ணெயாக அரைத்து, சுண்டைக்காய் அளவில் பொரித்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கித் தேங்காய்ப்பாலில் போடுவது. உளுந்து சரிபாதி இருப்பதால் சாப்பாட்டுக்கு நல்ல பொருத்தம். ஆனால் எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். விருந்தாளி வருகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்திப்பாலை மட்டும் குடித்துவிட்டுப் படுக்கலாமா?

சாயங்காலம் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் குடித்தால் வயிறு திம்மென்று ஆகிவிடும். இனி ராத்திரி எதுவும் வேண்டாம் என்று தோன்றும். பத்து மணிக்கு அந்த எண்ணம் மாறும். பாலில் இருப்பது பருத்திவிதைச் சாறு, கொஞ்சம் அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு, தேங்காய்ச் சில்லு. தனிச் சாப்பாட்டுக்கு அது போதாது. இரண்டு கம்பு அடையோ, நாலு குழிப்பணியாரமோ கூட வைத்தால் போதும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விதையை நாட்டு மருந்துக் கடையில் சாப்பிடுவதற்கென்று கேட்டு வாங்குங்கள். விதைப்புக்கென்று விற்கிற பருத்திவிதையில் பூச்சிமருந்து தடவியிருப்பார்கள். சாயம் ஏற்றிய விதையைக் கையால்கூடத் தொட வேண்டாம். நல்ல விதை 100 கிராமை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அரைத்து, மூன்று தடவை பால் பிழிந்து, பச்சை வாடை போகும் வரை கொதிக்கவிடுங்கள். அடி பிடிக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஜிகர்தண்டா?

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் கேட்டது. தம்பி, காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்தாலும் அது தாகத்துக்குத்தான். சாப்பிட்டுவிட்டு விளக்குத்தூணுக்குப் போ.

தொட்டுக்கொள்ள எதுவுமே இல்லாமல் எப்படி?

எதுவுமே இல்லாமல் வேண்டாம். நாக்குக்கு ஒரு மாற்று இருந்தால்தான் இனிப்பு தட்டு காலியாகும். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் மொச்சைச் சுண்டல், அதுவும் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுவது. களிக்கு ஒன்றும் தேவையில்லை. கேட்கிறவர்களுக்கு வறுத்த மோர்மிளகாய் ஒன்று. புட்டுக்குப் பயறும் அப்பளமும். இடியாப்பத்தில் முதல் இரண்டைக் குருமாவோடு சாப்பிட்டு, பிற்பாடு தேங்காய்ப்பாலுக்கு மாறலாம். அப்படிச் செய்தால் அது இனிப்புச் சாப்பாடில்லை என்று என் மூத்தவள் வாதாடுவாள். வாதாடட்டும்.

பொரியல், கூட்டு, ரசம் என்று கூடவே செய்யத் தொடங்கினால் இந்த ஏற்பாட்டின் பயனே போய்விடும். ஒரு சட்டி, ஒரு அடுப்பு. எட்டரைக்குப் பாத்திரம் கழுவி முடிந்துவிடும் என்பதுதான் எனக்கு இதில் பிடித்ததே.

எங்க வீட்டுக்காரர் சோறு இல்லாவிட்டால் தூங்கமாட்டேன் என்கிறார், மதினி.

என் வீட்டிலும் அதே கதைதான். முதல் மாதம் பொங்கலைத் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "சரி, சாப்பாடு எப்போ?" என்று கேட்டார்! சண்டை போட்டுப் பயனில்லை. மத்தியானச் சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்துவைத்து, மோரில் கரைத்துக் கடைசியில் கொடுத்துவிடுகிறேன். நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. மோர்ச்சோறு ஒரு வாய் உள்ளே போனால்தான் மதுரை ஆம்பிளைக்குச் சாப்பாடு முடிந்த கணக்கு. இப்போது அவரே வெள்ளிக்கிழமை எப்போது என்று கேட்கிறார், ஆனால் அந்த ஒரு வாயை விடுவதாக இல்லை.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால்?

என் தப்பையே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் மாமியாருக்கும் மற்றவர்களைப் போலவே களி வைத்தேன். கருப்பட்டிதானே, உளுந்துதானே, ஒன்றும் செய்யாது என்று நினைப்பு. அத்தையும் ஆசையாக இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 190. மருத்துவர் அத்தையைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எதுவாக இருந்தாலும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். "கருப்பட்டி சாப்பிட்டா சுகர் ஏறாது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். இது நம் வளவு சங்கதி மட்டுமில்லை. 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. ஏறக்குறைய எட்டு ஒன்பது பேருக்கு ஒருவர். ஆறு குடித்தனம் உள்ள வளவில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது அத்தைக்கு அன்று கம்பு தோசையும் கீரையும். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு சின்னக் கரண்டி பொங்கல் அவர்கள் தட்டிலும் விழும். அந்த ஒரு கரண்டிக்கு மருத்துவர் சம்மதித்தார். இன்சுலின் போடுகிறவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ராத்திரிச் சாப்பாட்டை மாற்றவே வேண்டாம். கர்ப்பக் காலத்துச் சர்க்கரை உள்ள பெண்களுக்கும் இதேதான்.

நோய் இல்லாதவர்கள் வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடலாம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு: தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, ஒரு நாள் உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு முதல் கணக்கு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். வெல்லமும் இதில் அடக்கம்.

என் பொங்கலில் ஆளுக்கு 37 கிராம் வெல்லம். ஆக ஐம்பதுக்குள் வருகிறது, இருபத்தைந்தைத் தாண்டுகிறது. அன்றைக்கு மூன்று காபிக்கும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தால் ஐம்பதும் போச்சு. அதனால் வெள்ளிக்கிழமை காபிக்குச் சர்க்கரை கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாரம் ஒன்றுக்கு மேல் நான் செய்யமாட்டேன். மாதம் இரண்டு என்பது எனக்குச் சரியாக இருக்கிறது.

பிள்ளைகள் இதைக் காட்டி தினமும் கேட்டால்?

கேட்பார்கள். காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டேன், அதோடு முடிந்தது. படுக்கும் முன் பல் தேய்க்காமல் விடாதீர்கள். பொங்கலும் களியும் பல்லிடுக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

சித்திரை வெயிலில் இதெல்லாம் எடுபடுமா?

களி எடுபடாது. அடுப்பு முன்னால் நிற்கவும் முடியாது, சாப்பிட்டபின் புழுக்கத்தில் நெஞ்சைக் கரிக்கும். அந்த மாதங்களில் அவல்தான் கைகொடுக்கும். கெட்டி அவலைக் கழுவிப் பிழிந்து கால் மணி நேரம் வைத்து, தேங்காய், நாட்டுச் சர்க்கரை, பழம், ஏலக்காய் போட்டு ஆறிய பாலை ஊற்றினால் சாப்பாடு முடிந்தது. வறுத்த நிலக்கடலை இரண்டு கை தூவினால் புரதக் கணக்கும் ஓரளவு சரியாகும். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் ஊரே தெருவில் கிடக்கும்போது இதைவிட எளிய ராத்திரிச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

எந்த மாதமானாலும் ஏழரைக்குள் சாப்பிடுங்கள். நெய்யும் தேங்காயும் உள்ள சாப்பாட்டை ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்துக்குப் படுத்தால் புளித்த ஏப்பம்தான் வரும்.

மிச்சமானால் என்ன செய்வது?

களியை உருண்டை பிடித்து மூடிவைத்தால் மறுநாள் காலைக்கு நன்றாகவே இருக்கும்; சொல்லப்போனால் காலையில்தான் இன்னும் ருசி. பொங்கலில் தேங்காய் இருப்பதால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், காலையில் கொஞ்சம் வெந்நீர் தெளித்துச் சூடுபண்ணலாம். புட்டு காய்ந்துபோகும், திரும்ப ஆவியில் காட்டினால் தேறிவிடும். தேங்காய்ப்பால் மட்டும் எதற்கும் ஆகாது. மதுரை வெக்கையில் அது விடியும்வரை தாங்காது, ராத்திரியே கொட்டிவிடுங்கள். காலையில் மோந்து பார்த்து முடிவெடுக்கிற வேலை வேண்டாம்.